தொப்பியா, முகமா?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பிறர் முகத்தில் தோன்றும் உணர்ச்சி புலப்படுமா என்னும் வினா நேற்று எழுந்ததன்று. 1943-ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர், அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் தாம் கண்ட 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். மனிதரோடு உணர்வால் ஒட்டும் இயல்பு இவர்களிடம் பிறவியிலேயே குன்றியிருக்கிறது என்றார். (பின்னாளில் பழி தாய்மார்மேல் விழுந்தது, அது தனியே எழுத வேண்டிய வேதனைக் கதை.)

நான் வியந்து படித்தது 1987-இல் இங்கிலாந்தில் வெளிவந்த வீக்ஸ், ஹாப்சன் ஆகியோரின் ஆய்வையே. பிள்ளைகளிடம் மனித முகப் படங்களைக் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் சிரித்த முகம், வாடிய முகம் எனப் பிரித்தனர். ஆட்டிசம் உள்ளோருள் பெரும்பாலோர் அணிந்திருந்த தொப்பியைக் கொண்டு பிரித்தனர். முகபாவத்தைப் பார்த்துப் பிரிக்கும்படி நேரே கூறிய பிறகும் சிலரால் இயலவில்லை, ஏனையோரால் இயன்றது. இயலாமை வேறு, முதலில் கண்ணில் படாமை வேறு அல்லவா?

2002-இல் யேல் பல்கலைக்கழகத்தினர், பதின்ம வயதினருக்கும் இளைஞருக்கும் ஒரு பழைய திரைப்படத்தைக் காட்டி, அவர்கள் பார்வை எங்கே செல்கிறது என்று கருவியால் அளந்தனர். ஆட்டிசம் உள்ளவர்கள் கண்களைக் குறைவாகவும் வாயையும் பொருள்களையும் மிகுதியாகவும் நோக்கினர்.

இதைப் படித்தபோது என் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். நான் கடியும்போதெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான். "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று அதட்டினேன். திமிர் என்றே எண்ணியிருந்தேன்.

2012-இல் டேமியன் மில்ட்டன் என்னும் அறிஞர் வினாவையே திருப்பிப் போட்டார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். புரியாமை இருபக்கமும் உள்ளது. மற்றவர்களும் இவர்களைப் படிக்கத் தவறுகிறார்கள் என்றார். மறு ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, முகபாவத்தை அறிவதிலுள்ள இடர்ப்பாட்டுக்கு ஆட்டிசத்தைவிடத் தம் உணர்ச்சியைத் தாமே இனங்காண இயலாத வேறொரு நிலையே காரணம் என்றது. அந்நிலை ஆட்டிசம் உள்ள எல்லாரிடமும் இல்லை.

அம்மாணவனின் தாயார் ஒருநாள் சொன்னார்: "டீச்சர், உங்களுக்குக் கோபமா இல்லையா என்று தினமும் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்கிறான்." அதன் பிறகு நான் முகத்தைச் சுளிப்பதோடு நிறுத்துவதில்லை. "எனக்கு இப்போது கோபம், காரணம் இது" என்று வாய்திறந்தே சொல்லிவிடுகிறேன்.