பூனைக்கு ஒரு தட்டு மண்ணு

ஒரகடம் பக்கம் ஆலைகள் வர வர, சிங்கப்பெருமாள் கோவிலில் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. ஓட்டு வீட்டுப் பூனை கொல்லையில் மண்ணைப் பறித்து மூடிவிட்டு வந்துவிடும். மூணாவது மாடிப் பூனைக்குத் தட்டுதான் கொல்லை.

இந்தத் தட்டு மண்ணுக்கும் வரலாறு இருக்கு. அமெரிக்காவில் அதுவரை மணலும் அடுப்புச் சாம்பலும்தான். சாம்பல் காலில் ஒட்டி வீடெல்லாம் தடம். 1947-ல் மிச்சிகனில் பக்கத்து வீட்டம்மா மணல் கேட்டு வர, எட்வர்ட் லோ என்பவர் ஆலைகளில் சிந்திய எண்ணெயை உறிஞ்ச விற்ற களிமண்ணைக் கொடுத்தார். அது பிடித்துப்போக, 5 பவுண்டு பை 65 சென்ட் என்று விற்கக் கிளம்பினார். மணல் சல்லிசாகக் கிடைத்த காலம் அது! ஈரம் பட்டால் கட்டியாகும் பெண்டோனைட் 1980-களில் வந்தது. அந்த மண்ணு நம்ம குஜராத்தின் கட்ச் பகுதியிலும் வெட்டுறாங்க.

மண்ணுக்குக் கொடுத்த கவனம் தட்டுக்குக் கிடைக்கலை. பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு வேணும். கடைத் தட்டுகள் பலதும் சின்னது. துணி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டியை ஒரு பக்கம் தாழ வெட்டினால் போதும். மூடி போட்டது வேண்டாம்: நாத்தம் உள்ளேயே நிற்கும், பூனை ஒதுங்கிவிடும். இன்னொண்ணு, ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டு மூத்திரம் வரலைன்னா அது அடைப்பு. ஓரிரு நாளில் உயிரே போயிடும், உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடணும். திறந்த தட்டா இருந்தால்தானே அது நம்ம கண்ணில் படும்?