ஊரின் ஆடலும் ஒருவரின் ஆக்கமும்

ஜொகூர் மாநிலத்துச் சப்பின் ஆடல்களுக்கு வழங்கும் பெயர்களை உற்றுநோக்கின் ஓர் உண்மை புலப்படும். மெர்சிங் வட்டாரத்தின் சப்பின் தெங்லு, மூவார் வட்டாரத்தின் சப்பின் லெங்கா ஆகிய இரண்டும் ஊர்ப்பெயரால் அமைந்தவை. அரபு மரபில் வேர்கொண்ட அவ்வாடல் மலாய் மண்ணில் ஊர்தோறும் தனித்தனி நடை பெற்றது. அந்நடையை முதலில் அமைத்தவர் எவரென்று பெயர் சொல்லவில்லை. ஊரை மட்டுமே சொல்கிறது. நாட்டுப்புற ஆடலுக்கு ஆசிரியர் உண்டா என்னும் வினாவை நாம் இங்கிருந்தே தொடங்கலாம்.

தமிழ் மரபு இவ்வினாவை முன்பே எதிர்கொண்டுள்ளது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன் முதலியோர்க்குரிய தகுதிகளைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது. வேத்தியல், பொதுவியல் என்னும் பாகுபாடும் அங்கு உண்டு. ஆய்ச்சியர் குரவையிலோ அத்தகைய ஆசிரியன் எவனும் இல்லை. மாதரி, மகளிர் எழுவரை நிறுத்தி, அவர்களுக்கு ஏழிசையின் பெயர்களை இட்டுக் குரவையைத் தொடங்குகிறாள். அவ்வாடலை அவள் படைத்ததாகக் காப்பியம் கூறவில்லை. மாயவன் முன்னர் ஆடியது என்றே கொள்கிறது. ஆயினும் யாரை எவ்விடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்தவள் அவளே. ஆடல் பழையது, அன்றைய அமைப்பு அவளுடையது.

மொழியியல் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். 'மழை' என்னும் சொல்லை ஆக்கியவரை நாம் அறியோம்; மழையைப் பற்றிய ஒரு கவிதைக்கு ஆசிரியர் உண்டு. பொகத்திரெவ், ரோமன் யாக்கப்சன் ஆகிய அறிஞர் இருவர் 1929இல் எழுதிய கட்டுரையில் இவ்வொப்புமையை நாட்டார் வழக்காற்றுக்கு விரித்தனர். தனியொருவர் செய்யும் மாற்றம் சமூகத்தால் ஏற்கப்பட்ட பின்னரே வழக்காறாகிறது. ஏற்கப்படாதது மறைகிறது என்பது அவர்தம் கருத்து. இதனை ஏற்போமாயின், நாட்டுப்புற ஆடலை ஆசிரியர் அற்றது என்பது பொருந்தாது. அது பலர் ஆக்கிப் பெயர் மறைந்த ஒன்று. கும்மியில் கைகொட்டும் முறையும் கோலாட்டத்தில் கோல் மாற்றும் முறையும் சொற்களைப் போன்றவை. அவற்றைக் கோத்து ஒருவர் அமைக்கும் பத்து நிமிட ஆடல் கவிதையைப் போன்றது.

சட்டமும் ஏறத்தாழ இவ்வழியே செல்கிறது. பெர்ன் உடன்படிக்கை 1886இல் உருவானது. 1908ஆம் ஆண்டு பெர்லின் திருத்தத்தில்தான் நடன அமைப்பு அதில் இடம்பெற்றது. அப்போதும் எழுத்தாலோ பிறவாற்றாலோ நிலைப்படுத்தப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்னும் வரையறை இருந்தது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை நாடகப் படைப்பினுள் அடக்குகிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டமோ அதனை இலக்கியப் படைப்பினுள் அடக்குகிறது. படைப்பு பதிவுற்றிருத்தலையும் வேண்டுகிறது. இங்கேதான் இடர் தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாக உடலில் வாழ்ந்த அடவுக்கு ஏடு இல்லை. அதனை முதலில் படம்பிடித்தவரே உரியவர்போலத் தோன்றிவிடக்கூடும்.

பெயர் மறைவதன் விளைவுக்கு 2009இல் எழுந்த பூசல் சான்றாகும். மலேசியாவைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரொன்றின் விளம்பரத்தில் பாலித் தீவின் பெண்டெட் ஆடல் இடம்பெற்றது. இந்தோனேசியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாடல் எந்நாட்டுடையது என்றே பலரும் வாதிட்டனர். ஆனால் கோவில் வழிபாட்டு ஆடலாயிருந்த அதனை, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், விருந்தினரை வரவேற்கும் மேடை ஆடலாக மாற்றியமைத்தவர்களுள் இ வாயான் ரிண்டி என்னும் கலைஞர் குறிப்பிடத்தக்கவர். நாடுகளின் உரிமைப் பேச்சில் அம்மனிதரின் உழைப்பு பின்னுக்குச் சென்றது.

இக்குறை நம்மிடமும் உண்டு. தோட்டப்புற மாரியம்மன் திருவிழாக்களில் கும்மிப் பாடல்களைத் தொகுத்த நாட்களில், பாடலின் ஒலியமைப்பையும் வட்டார வழக்கையும் நாம் நுணுகிக் குறித்தோம். அடியெடுத்து ஆடிக்காட்டிய மூதாட்டியர் பலரின் பெயர்களைக் குறிக்கவில்லை. 'தகவலாளர்' என்னும் ஒரு சொல்லுக்குள் அவர்களை அடக்கிவிட்டோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பின், அப்பெயர்களைக் கேட்டறிய இனி வழியில்லை.

ஆகவே பள்ளி மேடையில் நாட்டுப்புற ஆடலை அரங்கேற்றும் ஆசிரியர்கள் நிகழ்ச்சி நிரலில் மூன்று செய்திகளைத் தருதல் நன்று: ஆடல் எவ்வூர் வழக்கைச் சார்ந்தது, யாரிடம் கற்றது, இவ்வமைப்பு யாருடையது. முதலாவது ஊருக்குரிய மதிப்பு. இரண்டாவது கற்பித்தவர்க்குரிய நன்றி. மூன்றாவது அமைத்தவர்க்குரிய உரிமை. ஓர் ஆசிரியரின் அமைப்பை, நாட்டுப்புறம்தானே என்று இன்னொருவர் எடுத்தாள்வதும் தவறு. ஊர் தந்த அடவைத் தன் படைப்பென்று ஒருவர் உரைப்பதும் தவறு. மாணவர்களும் இல்லத்துப் பாட்டியரிடம் ஓர் அடவைக் கற்பார்களாயின், அவர்தம் பெயரையும் அருகில் எழுதி வைத்தல் வேண்டும். நாம் எழுதத் தவறிய வரி அது.