நஞ்சாக அறிமுகமான சத்து

போரான் என்ற ஒரே தனிமத்தைப் பற்றி 1923ஆம் ஆண்டில் இரண்டு முக்கியமான வெளியீடுகள் வந்தன. அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட 1126ஆம் எண் அறிக்கை, போரான் சேர்மமான வெண்காரம் கலந்த உரம் பயிர்களை எந்த அளவில், எந்தச் சூழ்நிலையில் கருக்குகிறது என்று வயலில் அளந்து சொன்னது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய காதரீன் வாரிங்டன் எழுதிய கட்டுரையோ, போரான் அறவே கிடைக்காத பெரிய அவரைச் செடி குருத்து கருகிச் செத்துப்போகிறது என்று நிறுவியது. ஒன்று நஞ்சைப் பற்றியது, மற்றொன்று சத்தைப் பற்றியது. பொருளோ ஒன்றே. இன்று வீட்டுத் தோட்டக்காரர் கைக்கு வெண்காரப் பொட்டலம் வரும்போது, அதனுடன் கூட வரும் செய்தி பெரும்பாலும் இரண்டாவது கட்டுரையின் வழி வந்தது: போரான் குறைந்தால் பூ உதிரும், காய் வெடிக்கும், குருத்து முடங்கும். ஆனால் வெண்காரத்தை எவ்வளவு, எங்கே, எப்போது இட்டால் ஆபத்தில்லை என்ற அறிவு பெரும்பாலும் முதல் அறிக்கையின் பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பாதியை மறந்துவிட்டுச் செய்யப்படும் எந்த நுண்ணூட்டப் பரிந்துரையும் அரைகுறைதான்.

முதல் உலகப் போர் மூளும்வரை பொட்டாஷ் உரத்துக்கு உலகம் ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட் பகுதிச் சுரங்கங்களையே நம்பியிருந்தது. போர் அந்த வரத்தை அடைத்தது. அமெரிக்காவில் பொட்டாஷ் விலை தாறுமாறாக ஏற, கலிஃபோர்னியப் பாலைநிலத்தில் இருக்கும் சியர்ல்ஸ் என்ற வறண்ட உப்பு ஏரியின் பக்கம் பார்வை திரும்பியது. அதன் உப்புப் படிவத்துக்குள் தேங்கிய கரைசலில் பொட்டாஷ் தாராளமாக இருந்தது, வெண்காரமும் இருந்தது. இரண்டையும் சுத்தமாகப் பிரிக்கும் நுட்பம் அப்போது முழுமையாகக் கைவரவில்லை. அவசரத்தில் சந்தைக்கு வந்த உரம் 1917 முதல் வயல்களுக்குப் போனது. தென்மாநிலங்களில் புகையிலையும் பருத்தியும், இந்தியானாவில் மக்காச்சோளமும், 1919இல் மெய்ன் மாநிலத்தில் உருளைக்கிழங்கும் அடிவாங்கின. முளைப்பு சால் சாலாக விட்டுப்போனது. முளைத்தவற்றின் இலைகள் வெளுத்து ஓரம் தீய்ந்தன. உழவர்கள் வாங்கியது பொட்டாஷ். அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததை யாரும் கேட்கவும் இல்லை, அளக்கவும் இல்லை.

அதற்குச் சற்று முன்பே வெண்காரம் வேறொரு வாசல் வழியாகவும் மண்ணுக்குள் வந்திருந்தது. ஊர்களில் குதிரைச் சாணக் குவியல்கள் ஈக்களின் பிறப்பிடமாக இருந்த காலம் அது. சாணத்தின்மேல் வெண்காரம் தூவினால் ஈப்புழுக்கள் சாகும் என்று அமெரிக்க வேளாண் துறை 1914இல் பரிந்துரைத்தது. அந்தச் சாணம் பிறகு உரமாக வயலுக்குப் போகுமே என்ற கேள்வி உடனே எழுந்தது. அதை ஆராயும் வேலையும் அதே துறையின் தலையில்தான் விழுந்தது. ஆகவே போர்க்காலப் பொட்டாஷ் விவகாரம் வெடித்தபோது, போரான் பயிருக்கு என்ன செய்யும் என்று கேட்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் கேள்வி எப்போதும் ஒரே திசையில் இருந்தது: எவ்வளவு வரை பயிர் தாங்கும்?

அந்த ஒருதலைக் கேள்விக்குக் கிடைத்த விடைகள் இன்றைக்கும் பொன்னானவை. ஒரே அளவு வெண்காரத்தை நிலம் முழுக்கப் பரவலாகத் தூவியபோது தப்பிய பயிர், அதையே விதைச் சாலுக்குள் இட்டபோது கருகியது. உரமிட்ட கையோடு விதைத்தால் சேதம் அதிகம். சில வாரம் பொறுத்து, இடையில் ஒரு மழை பெய்து, பிறகு விதைத்தால் சேதம் குறைவு. மணல் நிலத்தில் மழை அதை வேகமாகக் கீழே இறக்கியது. பயிருக்குப் பயிர் தாங்கும் திறன் வேறுபட்டது. சமமாகப் பரப்பு, வேரருகே குவிக்காதே, பொறுத்து விதை, பயிரைப் பார்த்து அளவை முடிவு செய் என்று இன்று எந்தப் போரான் பரிந்துரையிலும் காணப்படும் நிபந்தனைகள், நஷ்டப்பட்ட உழவர்களுக்காக நடந்த இந்த விசாரணையில் ஏற்கெனவே இருக்கின்றன. குறைபாட்டைத் தீர்க்க வந்தவர்கள் பின்னால் அவற்றைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

ராதம்ஸ்டெட்டிலும் முதலில் இதே மனநிலைதான். அங்கே தாவரவியல் பிரிவை நடத்திய வினிஃப்ரெட் பிரெஞ்ச்லி 1914இல் வெளியிட்ட நூல், செம்பு, துத்தநாகம், ஆர்சனிக், போரான், மாங்கனீசு ஆகியவற்றைத் தாவர நஞ்சுகளும் ஊக்கிகளும் என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்தது. ஆர்சனிக்கைத் தவிர மற்ற நான்கும் இன்று அத்தியாவசிய நுண்ணூட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன என்பதை நினைத்தால், அந்தத் தலைப்பு பழமைவாதமா, தொலைநோக்கா என்று சொல்வது கடினம். அவருடன் பணியாற்றிய வாரிங்டன்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டார். எவ்வளவு கூட்டினால் சாகும் என்பதை விட்டு, எவ்வளவு குறைத்தால் சாகும் என்று பார்த்தார். சோதிப்பது எளிதல்ல, வேதிப்பொருள்களில் கலப்பாகவும், கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து கசிந்தும் போரான் துளித்துளியாகக் கரைசலுக்குள் வரக்கூடியது. போரான் கிடைக்காத செடிகள் ஓரளவு வளர்ந்து, பிறகு நுனி கருகி நின்றன. போரான் தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், தொடக்கத்தில் ஒருமுறை கொடுத்தால் போதாது என்பதும் அவர் கண்டதுதான். கலிஃபோர்னியாவில் சாமர், லிப்மன் இருவரும் 1926இல் வேறு பயிர்களிலும் அதை உறுதிசெய்தார்கள். 1931இல் பிராண்டன்பர்க், சர்க்கரைக் கிழங்கின் நடுக்குருத்தை அழுகச் செய்த பழைய நோய்க்குக் காரணம் கிருமி இல்லை, போரான் பஞ்சம் என்று காட்டினார். அதன்பின் நியூசிலாந்து ஆப்பிளின் உட்சதையில் விழுந்த தக்கைப் புள்ளி, டர்னிப் வகைக் கிழங்குகளின் பழுப்பு நெஞ்சு என்று ஐரோப்பாவிலும் அதற்கு அப்பாலும் பத்தே ஆண்டுக்குள் பல 'நோய்கள்' வெண்காரத்தால் குணமாயின.

குணமாவதைப் பார்த்த உற்சாகத்தில் முந்தைய பாடம் மறைந்துபோயிருக்கும். அதைத் தடுத்தது மீண்டும் கலிஃபோர்னியாதான். அங்கே சில ஆறுகளிலும் கிணறுகளிலும் போரான் இயற்கையாகவே கரைந்திருந்தது. பாசன நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவுகூட எலுமிச்சைக்கும் அக்ரூட்டுக்கும் தொல்லை கொடுத்தது. பேரீச்சையும் குதிரைமசாலும் அதைப்போலப் பல மடங்கைத் தாங்கின. ஃபிராங்க் ஈட்டன் ஐம்பது பயிர்களை மணலில் வளர்த்து, குறைவு, நிறைவு, மிகுதி மூன்றையும் ஒரே ஆய்வில் 1944இல் பதிவுசெய்தார். சில பயிர்களில் மிகச் செழிப்பாக வளர்ந்த செடியே இலையோரத்தில் சற்றுக் கருகியும் இருந்தது. நிறைவுக்கும் மிகுதிக்கும் நடுவே உள்ள இடம் அவ்வளவு குறுகலானது. விஸ்கான்சினில் பெர்கரும் ட்ருவாகும் 1939இல் வகுத்த வெந்நீர்ச் சோதனையின்படி, மண்ணில் கரையும் போரான் 0.5 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் குறைவு. 5ஐ நெருங்கினால் பல பயிர்களுக்கு ஆபத்து. தழைச்சத்தில் இப்படிக் கண்டிப்பான எல்லை கிடையாது. இலையைப் பார்த்தே ஓரளவு பிரித்தறியலாம்: பற்றாக்குறை இளங்குருத்தில் தெரியும், மிகுதி முதிர்ந்த இலையின் நுனியிலும் ஓரத்திலும் தெரியும். வேர் உறிஞ்சிய நீர் ஆவியாகும் கடைசி இடம் இலையின் விளிம்பு. நீரோடு வந்த போரான் அங்கே தங்கிவிடுகிறது.

இத்தனை பயம் எதற்கு, தொழுவுரமும் மட்கும் போட்டால் போதாதா என்பார்கள் இயற்கை வேளாண்மைக்காரர்கள். இதில் நியாயம் நிறைய இருக்கிறது. மண்ணில் பயிருக்கு எட்டும் போரானில் பெரும்பகுதி அங்ககப் பொருளோடு கட்டுண்டது. தொழுவுரம் சீராக விழும் நிலத்தில் இந்தக் குறைபாடு அரிது. ஆனால் சர்க்கரைக் கிழங்கின் குருத்தழுகல் ஐரோப்பாவில் எங்கே மோசமாக இருந்தது என்று பார்த்தால், வறண்ட கோடையிலும், சுண்ணாம்பை அள்ளிப்போட்ட நிலத்திலும்தான். மண்ணில் போரான் இருந்தும் வேருக்கு எட்டவில்லை. கார அமிலநிலை ஏறும்போது அது மண் துகளோடு ஒட்டிக்கொள்கிறது. மேல்மண் காய்ந்தால் வேரால் எடுக்க முடிவதில்லை. ஆகவே தோட்டத்தில் குருத்து முடங்கினால் முதலில் செய்ய வேண்டியது தண்ணீரையும் சுண்ணாம்பையும் கவனிப்பது. அதற்கும் சரியாகாமல், மண் பரிசோதனையும் குறைவு என்று சொன்னால், எந்த மட்கும் சில வாரத்தில் அதைச் சரிக்கட்டாது. அங்கே வெண்காரத்தை மறுப்பது வெறும் பிடிவாதம்.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அமெரிக்கப் பாலைவனக் கதைகள் நமக்கு எதற்கு, இங்கே மணற்பாங்கான நிலத்தில் மழை அடித்துக்கொண்டு போய்விடுமே, தென்னைக்கு வெண்காரம் வைப்பது பழகிப்போன காரியம்தானே? உண்மைதான், தென்னங்குருத்தின் ஓலைகள் விரியாமல் ஒட்டி, நுனி கொக்கிபோல் மடங்கி, குரும்பை உதிரும்போது மரத்துக்கு 50 கிராம் வெண்காரம் என்பது தோப்புக்காரர்கள் அறிந்த மருந்து. தமிழ்நாட்டில் நிலக்கடலைக்கும் ஹெக்டேருக்கு 10 கிலோ பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் இந்த எண்களை வீட்டுப் பாத்திக்கு மாற்றிப் பாருங்கள். ஹெக்டேருக்கு 10 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு ஒரே ஒரு கிராம். பத்தடிக்குப் பத்தடிப் பாத்திக்கு மொத்தமே 9 கிராம் சொச்சம், அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. பெரிய தென்னைக்கு உள்ள 50 கிராமை அப்படியே அவரைப் பாத்தியில் கொட்டினால் அது ஐந்து மடங்குக்கும் மேல். ஒரு கைப்பிடி என்ற வீட்டளவு இங்கே கொலை அளவு. இரண்டு தேக்கரண்டியைக் கையால் சமமாகத் தூவவும் முடியாது. முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, பூவாளி நிறையத் தண்ணீரில் கலந்து, வெறும் மண்ணில் பாத்தி முழுக்க ஒரே சீராக ஊற்றுவதுதான் வழி. சாலுக்குள் இடாதே என்று போர்க்கால வயல்கள் சொன்னதன் தோட்டத்து வடிவம் அது. அடுத்த பருவத்தில் மண்ணைப் பார்க்காமல் மறுபடி ஊற்றக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கிற பகுதிகளில், மண்ணோடு நீரையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது.

எல்லா நுண்ணூட்டமும் அளவாகக் கலந்த பாக்கெட்டே கிடைக்கிறதே, அதில் தவறு நேராதே என்று கேட்கலாம். வயலுக்கு, சோதனை முடிவோடு, பயிருக்கேற்ற கலவை பயன்படுத்தப்படும்போது எனக்கு மறுப்பில்லை. மொட்டைமாடித் தொட்டியில் மாதாமாதம் ஒரு சிட்டிகை என்று போடும்போதுதான் சியர்ல்ஸ் ஏரி நினைவுக்கு வருகிறது. இரும்பு தேவைப்பட்டு வாங்கிய கலவை, தேவைப்படாத போரானையும் ஒவ்வொரு முறையும் கூடவே கொண்டுவருகிறது. தொட்டியின் அடித்துளை வழியே தண்ணீர் வழிந்துவிடாதபடி அளந்து ஊற்றுகிறவர்கள், கெட்டிக்காரர்களாக இருந்தும், சேர்ந்த உப்பு முழுவதையும் உள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். சாதாரண உப்பை மண்ணிலிருந்து கழுவி இறக்கத் தேவைப்படும் நீரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீர் போரானைக் கழுவ வேண்டும் என்று கலிஃபோர்னிய நில மீட்பு ஆய்வுகள் கண்டன. தொட்டியில் அதற்குப் பேசாமல் மண்ணை மாற்றிவிடலாம். நிலத்தில் அந்த வசதி கிடையாது. ஓரம் கருகிய பயிரை அகற்றிவிட்டு, போரானைத் தாங்கும் பீட்ரூட் போன்றவற்றை ஓரிரு பருவம் வைத்து, நல்ல தண்ணீரைத் தாராளமாகக் கட்டி, மறுபடி மண்ணைச் சோதிக்கக் கொடுக்க வேண்டியதுதான்.