சேலம் மாவட்ட நீர்நிலைகளில் ஆப்பிரிக்கக் கெளுத்தி

ஆப்பிரிக்கக் கெளுத்தி (கிளாரியஸ் காரிபினஸ்) என்பது ஆப்பிரிக்காவையும் மேற்கு ஆசியாவின் சில பகுதிகளையும் தாயகமாகக் கொண்ட நன்னீர் மீன் ஆகும். இந்தியாவில் இதனை வளர்ப்பதற்குத் தடை உள்ளது. வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பும் மீன்கள் ஆறு, ஏரிகளில் பெருகுவதால், தூண்டில் போடுபவர்களுக்கும் இது கிடைக்கிறது. பிடித்த மீனை என்ன செய்வது என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

வரலாறு

இம்மீனை 1822 இல் பர்ச்செல் என்பவர் அறிவியல் முறைப்படி விவரித்தார். தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆற்றின் பழம்பெயரான கரீப் என்பதிலிருந்து இதன் இனப்பெயர் உருவானது. 1990களில் முறையான அனுமதியின்றி வங்காளதேசம் வழியாக இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. விரைவாக வளர்வதாலும், இறைச்சிக் கழிவு போன்ற மலிவான தீனியை உண்பதாலும் பலர் இதனை வளர்க்கத் தொடங்கினர். 2000 ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதித்தது. எனினும் கள்ளத்தனமான வளர்ப்பு நிற்கவில்லை. கிருஷ்ணகிரி உட்பட தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இத்தகைய பண்ணைகளை அதிகாரிகள் அழித்துள்ளனர்.

தீங்குகள்

இது சிறு மீன்கள், முட்டைகள், தவளைகள், பூச்சிகள் எனக் கிடைப்பதை எல்லாம் உண்ணும். ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. மழைக்காலத்தில் வெள்ளம் பரவிய ஆழமற்ற இடங்களில் முட்டையிடும். துணைச் சுவாச உறுப்பின் உதவியால் காற்றையும் சுவாசிப்பதால், ஈரம் இருக்கும்வரை நீருக்கு வெளியே பல மணி நேரம் உயிர்வாழும்.

ஜலகண்டாபுரம் அமைந்துள்ள மேட்டூர் வட்டாரத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் உபரிநீரைக் கொண்டு சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டம் 2021 இல் தொடங்கி வைக்கப்பட்டது. தனித்தனியாக இருந்த ஏரிகள் நீரால் இணைக்கப்படும்போது, ஓர் ஏரியில் விடப்பட்ட அயல் மீன் அடுத்த ஏரிக்குப் பரவும் வாய்ப்பும் கூடுகிறது.

அடையாளம் காணல்

* தட்டையான தலை, நான்கு இணை மீசைகள், செதிலற்ற வழவழப்பான உடல் ஆகியன இருக்கும்.
* முதுகுத்துடுப்பு தலைக்குப் பின்னிருந்து வாலின் அருகு வரை நீண்டிருக்கும். நச்சு முள் கொண்ட தேளி மீனுக்கு இத்துடுப்பு மிகச் சிறியது.
* சாதாரணக் கெளுத்திகளில் முதுகுத்துடுப்புக்குப் பின்னால் காணப்படும் சிறிய கொழுப்புத்துடுப்பு இதில் இல்லை.

கிளாரியஸ் பேரினத்தைச் சேர்ந்த நாட்டு இனங்களும் ஏறத்தாழ இதே தோற்றம் கொண்டவை. அவை பொதுவாக அரை மீட்டருக்கு மேல் வளர்வதில்லை. அவற்றுள் கிளாரியஸ் மாகுர் அழியும் ஆபத்தில் உள்ளது. எனவே சிறிய மீனாக இருந்தால் அவசரப்பட்டு முடிவு செய்யலாகாது. ஐயம் இருப்பின் ஒளிப்படம் எடுத்து மீன்வளத்துறையினரிடம் காட்டலாம். அதுவரை அதனை உயிருடன் வேறு நீர்நிலைக்கு மாற்றலாகாது.

பிடித்தவர் செய்யக்கூடியவை

தடை ஆணைகள் வளர்ப்போரையும் விற்போரையும் நோக்கியவை. தூண்டில் போடுபவரின் தெரிவுகள் பெரும்பாலும் அவர் பொறுப்பிலேயே உள்ளன.

* ஆப்பிரிக்கக் கெளுத்தி என உறுதியானால் நீரில் திரும்ப விடாதிருத்தல்.
* கரையில் போட்டுவிட்டுச் செல்லாமல், தலையில் கனமான கட்டையால் அடித்து உடனே கொல்லுதல். கரையில் விடப்பட்ட மீன் ஊர்ந்து மீண்டும் நீரை அடையலாம்.
* குஞ்சுகளை உயிருள்ள இரையாகப் பயன்படுத்தாதிருத்தல்; வீட்டுத் தொட்டியிலோ கிணற்றிலோ விடாதிருத்தல்.
* கழிவுநீர் கலக்கும் இடத்தில் பிடித்ததாயின் உண்ணாமல், நீர்நிலைக்கு அப்பால் புதைத்தல்.
* பிடித்த இடத்தையும் நாளையும் மீன்வளத்துறை அலுவலகத்திற்குத் தெரிவித்தல்.

இம்மீனை ஒழிப்பதாகக் கூறி நஞ்சு கலப்பதோ வெடி வைப்பதோ குற்றமாகும். 1897 ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் இவ்விரண்டையும் தடுக்கிறது. அவை நாட்டு மீன்களையும் சேர்த்தே கொல்லும்.

பிற நாடுகளில்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பிடிபடும் திலாப்பியாவை உயிருடன் நீரில் விடவோ இரையாகப் பயன்படுத்தவோ கூடாது. தமிழ்நாட்டில் ஜிலேபி எனப்படும் அதே மீன் 1952 இல் இந்தியாவுக்கு வந்து, இன்று ஏரிதோறும் பரவி, சந்தையில் விற்கும் உணவாகிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்தில் 2002 இல் ஒரு குளத்தில் ஆசிய விரால் வகை ஒன்று பெருகியதை அடுத்து, அந்த ஆண்டே உயிருள்ள விரால்களின் இறக்குமதிக்கு அந்நாடு தடை விதித்தது. தமிழ்நாட்டில் விரால் விரும்பி உண்ணப்படும் நாட்டு மீன். ஆகவே ஒரு மீன் தீங்கானதா என்பது அது எந்த நீரில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததே.

பரவிவிட்ட அயல் மீனை ஒரு பெரிய நீர்த்தேக்கத்திலிருந்து முழுமையாக அகற்றுவது ஏறத்தாழ இயலாதது. இதுவரை பரவாத ஏரிகளுக்கு அதனை உயிருடன் கொண்டு செல்லாமல் தடுப்பதே எளிதான, பயனுள்ள வழியாகும்.

இவற்றையும் பார்க்க

* மேட்டூர் அணை
* திலாப்பியா
* விரால் மீன்