மூழ்கிய நீர் மேலே வந்த கதை

ஹென்றி எல்லிஸ் அடிமை வணிகக் கப்பலொன்றின் தலைவர். அறிவியலாளர் ஸ்டீபன் ஹேல்ஸ் வடிவமைத்துக் கொடுத்த மரவாளியை அவர் அட்லாண்டிக்கின் துணை வெப்ப மண்டலப் பகுதியில் இறக்கிப் பார்த்தார். வாளியின் தலையிலும் அடியிலும் மேல்நோக்கித் திறக்கும் மூடிகள். இறங்கும்போது நீர் ஊடுருவிப் போகும். இழுக்கும்போது மூடிகள் சாத்திக்கொள்ள, ஆழத்து நீர் வெப்பமானியோடு மேலே வரும். காற்றில் 84 டிகிரி ஃபாரன்ஹீட். 3,900 அடிக்குக் கீழே 53 டிகிரி! 1751-இல் ஹேல்ஸுக்கு இதை எழுதிய எல்லிஸ், அந்த நீர் தமக்குக் குளிக்கவும் ஒயினைக் குளிரவைக்கவும் உதவியதையும் சொல்கிறார்.

வெயில் காயும் கடலுக்கடியில் இந்தக் குளிர் எங்கிருந்து வந்தது? பதில் சொன்னவர் இயற்பியலாளர் ரம்ஃபோர்ட் பிரபு. ஆல்கஹால் நிரப்பிய பெரிய வெப்பமானி ஒன்றை ஆறட்டும் என்று அவர் ஜன்னலில் வைத்தார். உள்ளே விழுந்திருந்த தூசு நடுவில் ஏறி, ஓரங்களில் இறங்கிக்கொண்டிருந்தது. துருவங்களில் குளிர்ந்து கனத்த நீர் மூழ்கி, அடியோடு பரவி வருகிறது என்று 1797-இல் எழுதினார்.

நான் இயற்பியல் நடத்தப் பயன்படுத்திய பாடநூல்கள் இங்கேயே நின்றுவிடும். எனக்கு அது பொறுக்காது. மூழ்கியது ஏறவும் வேண்டுமே! அடுப்பில் வைத்த உலை அடியில் சூடாவதால் புரளும். கடலுக்கோ சூடு மேலிருந்து வருகிறது. லேசான நீர் மேலேயே கிடக்கும். யாராவது கலக்கிவிடாவிட்டால் கடல் முழுக்கக் குளிர்நீர் தேங்கி, மேலே மெல்லிய வெதுவெதுப்பு மட்டுமே மிஞ்சும்.

1966-இல் கடலியலாளர் வால்டர் மங்க் கணக்குப் போட்டார். பசிபிக்கின் ஆழத்து நீர் நாளுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. உயர்கிறது, அதற்கு விநாடிக்குச் சுமார் 1 சதுர செ.மீ. அளவில் கலக்கம் வேண்டும். 1992-இல் ஜேம்ஸ் லெட்வெல் குழு அட்லாண்டிக்கில் சுமார் 300 மீட்டர் ஆழத்தில் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயுவைக் கரைத்துவிட்டு, அது பரவுவதைத் தொடர்ந்து அளந்தது. கிடைத்த கலக்கம் மங்க் சொன்னதில் பத்தில் ஒரு பங்குதான்.

மீதியைத் தேடி 1996-இல் பிரேசில் படுகையில், 4,000 மீட்டர் ஆழத்தில் அதே வேலையைச் செய்தார்கள். சமதளத்தின் மேல் நீர் அமைதி. கரடுமுரடான நடு அட்லாண்டிக் மலைத்தொடரின் மேலோ பல மடங்கு கலக்கம். ஓதம் அந்த முகடுகளில் மோதி நீருக்குள்ளேயே அலைகளை எழுப்ப, அவை உடைந்து கொந்தளிக்கின்றன.

குளிர்நீரை அனுப்புவது துருவம். அதைத் தூக்கிவிடும் உழைப்போ கடலைக் கலக்கும் காற்றுடையது, ஓதத்தை எழுப்பும் நிலவுடையது. எல்லிஸின் வாளியிலிருந்து அந்த நிலவைக் கணக்கில் சேர்க்க இரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.