3, 5, 8: ஒரு கெர்னல் கதை, தாம்பரம் வழியாக

தாம்பரம் பக்கத்து மக்களுக்கு மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஞாபகம் இருக்கும். 1931ல ஆரம்பிச்சு 2004 வரைக்கும் பீச் - தாம்பரம் ஓடின வண்டி. கடைசி சில வருஷம் பக்கத்துலயே அகலப்பாதை வண்டியும் ஓடிச்சு. நான் அப்ப ரெண்டாங்கிளாஸ். அப்பா கையைப் பிடிச்சிட்டு ஏறினது மட்டும்தான் நினைவுல இருக்கு. ஓடிட்டிருக்கிற தடத்தை மாத்தறது என்ன பாடுன்னு போன மாசம் ஆபீஸ்ல ஆணி புடுங்கும்போதுதான் புரிஞ்சுது.

ஒரு பழைய புரோகிராம். நான் பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடி யாரோ புண்ணியவான் எழுதினது. சர்வர்ல புது லினக்ஸ் போட்டதும் "இந்த வசதி இங்க இல்லை"ன்னு சொல்லிட்டு படுத்துடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு கிண்டிக் கிளறினா உள்ள மூணே மூணு எண்: 3, 5, 8.

கெர்னல் ஓடும்போதே அதோட அமைப்புகளை மாத்தணும், ஒவ்வொண்ணுக்கும் ரீபூட் பண்ண முடியாது. அதுக்காக 4.4பிஎஸ்டி யுனிக்ஸ் 1993ல கொண்டு வந்ததுதான் சிஸ்சிடிஎல். ஒவ்வொரு அமைப்புக்கும் வரிசையா சில எண்கள். 1990களின் நடுவுல லினக்ஸும் இதை எடுத்துக்கிச்சு. 3ன்னா நெட்வொர்க், 5ன்னா ஐபி நாலாம் பதிப்பு, 8ன்னா பாக்கெட்டை அடுத்த பக்கம் தள்ளி விடறது. அதே அமைப்பு 'ப்ராக்' அடைவுக்குள்ள பேரோட ஒரு கோப்பாவும் இருந்துச்சு. 1ன்னு எழுதினா வேலை ஆரம்பிக்கும், 0ன்னா நின்னுடும். நம்ம சிடாக் 2007ல வெளியிட்ட பாஸ் லினக்ஸ்லயும் இதே கோப்புதான். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏயூ-கேபிசி மையத்துக்கும் அந்த திறமூல முயற்சியில பங்கு உண்டு. (வாத்தியார் சுஜாதா படிச்ச வளாகம். சொல்லாம போனா தூக்கம் வராது!)

பேர் மோதாது, எண் மோதும். தனித்தனியா பேட்ச் எழுதறவங்க ரெண்டு பேர் ஒரே எண்ணை எடுத்துக்கிட்டா போச்சு. கெர்னல் பதிப்புக்குப் பதிப்பு எண்கள் மாறினதும் உண்டு. மேனுவல் பக்கமே இதைப் பயன்படுத்தாதீங்கன்னுதான் சொல்லிச்சு. ஆனா தூக்கவும் முடியாது. யூசர் புரோகிராமை உடைக்காதேங்கறது லினஸ் டோர்வால்ட்ஸோட சட்டம்.

இந்த முள்ளை எடுத்தவர் எரிக் பீடர்மன். 2008 ஜனவரியில வந்த 2.6.24ல இருந்து, எண்ணால கூப்பிட்டா கெர்னல் லாக்ல எச்சரிக்கை விழும். எனக்குப் பிடிச்சது அடுத்த படி. 2010ல வந்த 2.6.33ல எண்ணை வாங்கி, உள்ளுக்குள்ள பேரா மாத்தி, அந்தக் கோப்பையே திறந்து வேலையை முடிச்சிடும். வெளியில பழைய டிக்கெட், உள்ள புதுத் தடம்! கெர்னல் முழுக்க இறைஞ்சு கிடந்த எண்களை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டு வந்தாச்சு. அப்புறம் பத்து வருஷம் பொறுமை. 2020 ஜனவரியில 5.5 பதிப்போட அந்த சிஸ்டம் காலையே தூக்கிட்டாங்க. அதே வருஷம் ஜிலிப்சியும் தன் பங்குக்கு அந்த ஃபங்ஷனை எடுத்துடுச்சு.

ஆக, எங்க புரோகிராமுக்கு பன்னெண்டு வருஷ நோட்டீஸ் கிடைச்சிருக்கு. அந்த லாகை ஒரு பயலும் பார்க்கலை. நான் எண்ணைத் தூக்கிட்டு கோப்பைத் திறக்கிற மாதிரி எழுதினேன், மொத்தம் ஆறு வரி. முதல் ரயிலைப் பிடிச்சு வீட்டுக்கு வந்தா, இன்னொரு சர்வர்லயும் அதே புரோகிராம் இருக்குன்னு மேனேஜர்கிட்ட இருந்து போன்.