திருமணச் சட்டமும் வாக்குக் கணக்கும்

தோழர்களே, யார் யாரை மணக்கலாம் என்ற கேள்வி இந்நாட்டில் தேர்தல் கணக்கோடு கட்டுண்டே வந்திருக்கிறது.

1951இல் முதல் பொதுத்தேர்தல் நெருங்கியபோது நேரு அரசு இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கிடப்பில் போட்டது. சட்ட அமைச்சர் அண்ணல் அம்பேத்கர் பதவி விலகினார். காங்கிரஸ் தேர்தலில் வென்ற பிறகே அதன் ஒரு பகுதி 1955இல் இந்துத் திருமணச் சட்டமாக வந்தது. இங்கே, புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அந்த இழிவு நீங்க 1967இல் ஆட்சியே மாற வேண்டியிருந்தது. அண்ணா அரசு கொண்டுவந்த 7ஏ பிரிவு, முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லுபடியாக்கியது.

தன்பாலினத் திருமணம் இன்று அதே வாசலில் நிற்கிறது. 2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றம், சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று கைவிரித்தது. வழக்கு நடந்தபோது மாநிலங்களின் கருத்தைக் கேட்ட ஒன்றிய அரசு, ஏழு மாநிலங்கள் பதில் தந்ததாக மே மாதம் தெரிவித்தது. பாஜக ஆண்ட அசாம், காங்கிரஸ் ஆண்ட ராஜஸ்தான், ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஆண்ட ஆந்திரம் மூன்றும் எதிர்த்தன. 7ஏ தந்த தமிழ்நாடு அந்த ஏழில் இல்லை. அடுத்த ஆண்டே காங்கிரஸ், தன்பாலின இணையரை அங்கீகரிக்கும் சட்டம் கொண்டுவருவதாகத் தன் தேர்தல் அறிக்கையில் எழுதியது.

ஏன் இந்தத் தடுமாற்றம்? சாதியின் உயிர் அகமணமுறையில் இருக்கிறது என்று 1916லேயே அம்பேத்கர் காட்டினார். வாக்கைச் சாதிவாரியாக எண்ணும் கட்சிகள், பிள்ளைகளின் மணத்தைப் பெற்றோர் கையிலிருந்து பிடுங்க அஞ்சுகின்றன. ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டு நாம் ஆண்டுக்கணக்கில் அலைந்ததும் இதனால்தான்.

தன்பாலினத் திருமணம் தானாகச் சாதியை ஒழித்துவிடாது. 2015இல் மும்பையில் தன் மகனுக்கு மாப்பிள்ளை தேடிய தாயின் விளம்பரத்திலும் ஐயருக்கு முன்னுரிமை இருந்தது. ஆனாலும் இது மேட்டுக்குடிக் கோரிக்கை என்ற ஒன்றிய அரசின் வாதத்தை நாம் ஏற்கவில்லை. சொத்துள்ளவர் உயில் எழுதிக்கொள்வார். கூலித் தொழிலாளியின் துணைக்குக் குடும்ப அட்டையிலும் ஓய்வூதியத்திலும் பெயர் வேண்டும்.

திருமணம் பொதுப்பட்டியலில் உள்ளது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு சட்டமன்றமே 7ஏ-வை இயற்றியது. எனவே ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வாக்குக் கேட்டு வரும் தாம்பரம் வேட்பாளரிடம், பட்டாவோடும் குடிநீரோடும் சேர்த்து இதையும் கேட்போம்: 1967இல் முடிந்தது இன்று ஏன் முடியாது?